சங்குக் கணக்கிலிருந்து குடும்ப வரலாறு எழுதுவது எப்படி

தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரை, சங்கையும் இறாலையும் நண்டையும் நம்பி மூன்று தலைமுறை பிழைத்த குடும்பங்கள் நம் ராமநாதபுரக் கரையில் ஏராளம். அதை எழுதிவைத்த குடும்பங்கள் மிகச் சில. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். சரக்கு வைத்த கிட்டங்கியை இடித்து வீடு கட்டியாகிவிட்டது. பேரேடுகள் பரணில் கரையானுக்குக் கிடக்கின்றன. கீழக்கரையில் எங்கள் குடும்பத்தின் சங்கு வியாபாரக் கதையைத் தொகுத்தபோது, எங்கே தொடங்குவது, யாரிடம் எதைக் கேட்பது என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக அதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரக் குடும்பத்து வரலாறுகள் பெரும்பாலும் முதலாளியின் வரலாறாகவே முடிந்துவிடுகின்றன. யார் கடை வைத்தார், யார் வளையலுக்குச் சங்கு விற்கக் கல்கத்தா போய் வந்தார், யார் பள்ளிவாசலுக்கு நிலம் எழுதிக் கொடுத்தார் என்பதோடு சரி. சங்கு தானாகக் கரையேறி வரவில்லை. மூச்சைப் பிடித்து முங்கி அதை எடுத்த குளியாளர் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் நம் பேரேட்டில்தான் இருக்கிறது. அவரை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கதைகூட ஆகாது. நான் கீழே சொல்லும் வேலை எல்லாம் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்து உள்ளே கொண்டுவருவதற்குத்தான்.

பெரியவர்களிடம் கேட்பது

பேரேட்டை அடுத்த மாதம்கூடப் புரட்டலாம். எண்பது வயதுக்காரரிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.

"பழைய கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் எதுவும் வராது. வாப்பாவிடம் (அப்பாவிடம்) அப்படிக் கேட்டபோதெல்லாம் "யாவாரம் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. ஒரு நாள் வீட்டில் கிடந்த சங்கு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார், வாய் விளிம்பைத் தடவினார். "இது வடகடல் சங்கு. கல்கத்தாவுல இதுக்கு விலை கம்மி" என்று ஆரம்பித்தவர் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை நிறுத்தவில்லை. ஆகவே பொருளோடு போங்கள். சங்கு, பழைய தராசு, அளவுத் தகடு, படகின் படம் என்று எது கிடைத்தாலும் சரி.

கேள்விகள் சின்னச் சின்னதாக இருக்கட்டும். எந்தக் கடலில் எடுத்தது? பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவம்) தென்கடல் அடங்கும், கச்சான் காலத்தில் (தென்மேற்குப் பருவம்) வடகடல் அடங்கும். எந்த மாதம் எந்தக் கரையில் வேலை நடந்தது என்பதை இதை வைத்தே ஒழுங்குபடுத்திவிடலாம். எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம்? வள்ளத்தில் எத்தனை பேர், அதில் முங்குகிறவர்கள் எத்தனை பேர்? கரைக்கு வந்ததும் எண்ணியது யார்? அளவு பார்த்தது எதை வைத்து? சங்குக்கு அளவுதான் எல்லாம். துளை போட்ட தகட்டுக்குள் நுழைந்து விழுந்தால் அது சிறியது. அப்படி விழுந்ததைக் கடலில் திருப்பிப் போட்டார்களா, குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பூச்சி அரித்து ஓடு முழுக்கத் துளை விழுந்த சங்கைத் தனியாகக் குவித்திருப்பார்கள். அதை யார் வாங்கினார்கள் என்பது ஒரு தனிக் கதை.

கிட்டங்கி நாற்றத்தைப் பற்றியும் கேளுங்கள். சதை அழுகி வெளியே வரும்வரை சங்கைக் குவித்துவைத்து, பிறகு கழுவி, மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை எடுப்பார்கள். அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். சதையை உணவுக்காக எடுத்து உலர்த்தியது உண்டா? சங்கின் வாயை மூடும் நகம் ஊதுபத்தி, சாம்பிராணி வியாபாரத்துக்குப் போகும். அந்த வரவு பல பேரேடுகளில் ஒரு மூலையில் சின்னத் தொகையாக எழுதப்பட்டிருக்கும், பெரியவர்கள் சொன்னால்தான் அது என்னவென்று நமக்குப் புரியும்.

அடுத்து வீட்டுப் பெண்கள். "அவுகளுக்கு யாவாரம் என்ன தெரியும்" என்று ஆண்கள் சொல்வார்கள், அதைக் காதில் வாங்காதீர்கள். என் உம்மம்மாவுக்கு (பாட்டிக்கு) ஆண்டுக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனால் எந்தப் பருவத்தில் கல்கத்தாவிலிருந்து பணம் வராமல் போனது, அதனால் யாருடைய நிக்காஹ் தள்ளிப்போனது, யாருடைய நகை கைமாறியது என்பதை வரிசையாகச் சொன்னார். வியாபாரத்தின் நஷ்டக் கணக்கு எங்கள் வீட்டில் பெண்களின் நினைவில்தான் முழுசாக இருந்தது.

கைபேசியில் பதிவு செய்யும்போது முதலில் பேசுபவரின் பெயர், ஊர், தேதியை நீங்களே சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அன்று இரவே கேட்டு, புரியாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காக்காவையும் (அண்ணனையும்) சாச்சாவையும் (சித்தப்பாவையும்) ஒன்றாக உட்காரவைத்தால் பெரியவர் பேச, சின்னவர் தலையாட்டுவார். தனித்தனியாகக் கேட்டுவிட்டு, அப்புறம் இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள்.

பேரேட்டைப் படிப்பது

இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்கும் இடம் இதுதான், அதிகம் கொடுக்கும் இடமும் இதுதான்.

ஏட்டைப் பரணிலிருந்து இறக்கியதும் வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில் காற்றாட வைத்து, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசை மாறாமல் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடவேண்டாம். நடுவில் செருகிவைத்த தந்தி, ரயில்வே ரசீது, வட்டிச் சீட்டு எதுவானாலும் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு எடுங்கள். பழுதடைந்த ஏட்டை லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அப்புறம் அதைச் சரிசெய்யவே முடியாது.

பழைய கணக்குப்பிள்ளைகள் எழுதிய குறிகள் முதலில் மிரட்டும். ஆனால் அவை கொஞ்சம்தான். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௨௲௩௱ என்று இருந்தால் 2300. அரை, கால், அரைக்கால், மாகாணி என்ற பின்னங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு. ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சில ஏடுகளும் கடிதங்களும் அரபுத்தமிழில் இருக்கும். எழுத்து அரபு, மொழி தமிழ். நம் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து அரபி என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அரபி படித்தவர்கள் வாசித்துப் பார்த்துப் பொருள் தெரியாமல் விழிக்கிறார்கள். ஊரில் மூத்த பெண்கள் சிலர் இன்றும் இதைத் தடையில்லாமல் படிப்பார்கள். அவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்வதே சுலபமான வழி.

தேதியைத் தீர்மானிக்க மூன்று நாட்காட்டிகள் வேண்டும். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். குரோதி என்று எழுதியிருந்தால் அது 1904-05 ஆகவும் இருக்கலாம், 1964-65 ஆகவும் இருக்கலாம். அப்போது காசைப் பாருங்கள். அணா, பைசா என்று 16 அணாக் கணக்கில் இருந்தால் பழையது. 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகு நயா பைசா, ஒரு ரூபாய்க்கு 100. கொஞ்சக் காலம் இரண்டும் கலந்து வரும், அதில் குழம்பவேண்டாம். எடையிலும் இப்படித்தான். பலம், வீசை, மணங்கு, பாரம் என்று போய்க்கொண்டிருந்தது 1950-களின் கடைசியிலிருந்து மெல்லக் கிலோவுக்கு மாறும். மணங்கு ஊருக்கு ஊர் வேறுபட்டது, அதனால் சட்டென்று கிலோவாக மாற்றி எழுதாமல் ஏட்டில் உள்ளபடியே வையுங்கள். ஹிஜ்ரி மாதமாக இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். கடல் பருவம் நகராது. தென்கடல் சங்கு கரைக்கு வந்த பதிவு கச்சான் காலத்தில் விழுவதாகக் கணக்கு வந்தால், ஆண்டை மறுபடி சரிபாருங்கள்.

விலையைப் பார்க்கும்போது மூன்று இடத்து விலையைத் தனித்தனியாக எடுங்கள். கரையில் குளியாளருக்குக் கொடுத்தது, கிட்டங்கியிலிருந்து போனது, கல்கத்தாவில் விற்றது. நடுவே தரகு, சாக்கு, வண்டிக்கூலி, ரயில் கட்டணம் எல்லாம் கழியும். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதியபோதுதான் எங்கள் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

குளியாளர் வீடுகளுக்குப் போவது

பேரேட்டில் சில பெயர்கள் பருவத்துக்குப் பருவம் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் ௶ குறி, முன்பணத் தொகை, கீழே "முன் ஏட்டுப் பாக்கி". முன்பணம் வாங்கியவர் அந்த முதலாளிக்கே சங்கைக் கொடுக்கவேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். சங்கு குறைந்த வருடம் பாக்கி ஏறும், அடுத்த வருடம் அதற்காகவே முங்கவேண்டும். எங்கள் ஏட்டில் தகப்பன் பெயரில் இருந்த பாக்கி அவர் மவுத்தான (இறந்த) பிறகு மகன் பெயரில் தொடங்கியிருந்தது. அதைப் படித்த பிறகு என்னால் முதலாளியின் கதையை மட்டும் எழுத முடியவில்லை.

அந்தப் பெயர்களை ஒரு பட்டியலாக எடுங்கள். ஊர் தெரிந்தால் பக்கத்தில் எழுதுங்கள். ஏர்வாடி, வேதாளை, மரைக்காயர்பட்டினம், களிமண்குண்டு என்று பக்கத்து ஊர்கள்தான், பேரப்பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். போகும்போது பேரேட்டைக் கையில் கொண்டுபோகாதீர்கள். வாசலில் நின்றதும் முதலில் சொல்லவேண்டியது, "கணக்குக் கேக்க வரல காக்கா, உங்க வாப்பாவப் பத்திக் கேட்டுப் போக வந்தேன்" என்பதைத்தான். தலைமுறை கடந்தும் முதலாளி வீட்டு ஆள் வந்தால் அந்தப் பயம் வருகிறது. அது போன பிறகுதான் பேச்சு தொடங்கும்.

எந்த வயதில் முங்கப் பழகினார், யார் பழக்கினார்? கண்ணாடியும் காலில் கட்டும் அலுமினியத் தகடும் எப்போது வந்தன? அதற்குமுன் வெறும் கண்ணால் மணலில் சங்கை எப்படிக் கண்டார்கள்? ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கி நிற்கும் சங்குப்பூவை, அதாவது முட்டைக் கூட்டை, பார்த்தால் அந்த இடத்தில் என்ன செய்வார்கள்? காது எப்போது போனது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பதில் உண்டு. கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு முங்கிய காலத்தைப் பற்றியும் கேளுங்கள். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். கால் விழுந்தவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் யார் கொடுத்த முன்பணத்துக்காக முங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள், அது நம் குடும்பமாக இருந்தாலும் சரி.

ஒரே பருவத்துக்கு நம் ஏடு ஒரு விலை சொல்லும், குளியாளர் வீடு வேறு விலை சொல்லும். எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்லவேண்டாம். இரண்டையும் அருகருகே எழுதி, யார் சொன்னது என்று குறிப்பிட்டால் போதும்.

வெளியுலகத்தோடு பொருத்துவது

குடும்பத்தில் சொல்லும் தேதிகளைச் சரிபார்க்கச் சில உறுதியான ஆண்டுகள் கைவசம் இருக்கட்டும். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். கீழக்கரைக் குளியாளர்கள், ராமநாதபுரம் சங்கு, வங்காளத்து வளையல் தொழில் எல்லாம் அதில் வருகின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22 இரவு, குரோதி வருடம் மார்கழி. "புயலுக்கு முந்தி", "புயலுக்குப் பிந்தி" என்று பெரியவர்கள் சொன்னால் அது பெரும்பாலும் இந்தப் புயல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தீவோரத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு அதன்பின் எல்லாமே மாறியது.

1947-ம் நம் கரையைத் தொட்டது. நம் சங்கு பெரும்பாலும் வங்காளத்துச் சுமங்கலிப் பெண்களின் வளையலாகத்தான் ஆனது. டாக்காவின் சாங்காரி பஜார் அந்தத் தொழிலுக்குப் பெயர் போன தெரு. பிரிவினையில் அது வேறு நாடானது, வளையல் அறுப்பவர்களில் பலர் கல்கத்தாப் பக்கம் வந்தார்கள். 1946-க்கும் 1950-க்கும் இடையில் உங்கள் ஏட்டில் வாங்குபவரின் முகவரி மாறியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அரசு ஆவணம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ராமநாதபுரக் கரையின் சங்கு உரிமை சேதுபதி ஜமீனிடம் இருந்தது, வியாபாரிகள் குத்தகைக்கு எடுத்தார்கள். 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசிடம் வந்தது. ஆகவே பழைய குத்தகைத் தகவல் ஜமீன் காகிதங்களிலும், பிந்தையது மீன்வளத் துறைக் கோப்புகளிலும் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் உருவானது, ஆனால் அதன் ஆட்சியர் அலுவலகம் நீண்டகாலம் மதுரையில்தான் இருந்தது. 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் ஆண்டையும் ஊரையும் துறையையும் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கோப்புப் பட்டியலிலேயே பொழுது போய்விடும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகளையும் பாருங்கள். 1949 முதல் 1971 வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே அங்குதான் இருந்தது.

குடும்பப் பெருமைகளையும் இப்படியே பொருத்திப் பாருங்கள். எல்லா சங்கு வீட்டிலும் அபூர்வமான வலம்புரிச் சங்கு கிடைத்த கதை ஒன்று இருக்கும். நிஜமாகவே வலம்புரி விற்றிருந்தால் பேரேட்டில் அது தனி வரியாக, பெரிய தொகையாக நிற்கும். வரி இல்லையென்றால் "எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்கள்" என்று எழுதுங்கள். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியோடு உறவு சொல்லாத வியாபாரக் குடும்பம் குறைவு. அதற்கும் இதே முறைதான்.

இறால் பண்ணையும் நண்டும்

சங்கோடு கதையை முடித்துவிட்டால் நம் தலைமுறை இல்லாமல் போய்விடும். 1990-களில் சங்குப் பணத்தில் இறால் பண்ணை போட்டவர்கள் நிறைய. எங்கள் சாச்சா தேவிபட்டினம் பக்கத்தில் குளம் வெட்டினார். டைகர் இறால் முதல் சாகுபடியில் பணமாகக் கொட்டியது. பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாகச் செத்தது. 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகள் மீது உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. இந்த நஷ்டத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் காகிதம் இருக்கும். குஞ்சு வாங்கிய ரசீது, தீவன பில், டீசல் கணக்கு, வங்கி நோட்டீஸ். அதை வரிசைப்படுத்தினாலே கதை வந்துவிடும். பக்கத்து வயல்காரரிடமும் போய், கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்பானது என்று கேளுங்கள்.

இப்போது நண்டு. நீலக்கால் நண்டை அவித்துச் சதை எடுக்கும் கொட்டகைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி எடை அளவுக்கா, நாளுக்கா, யார் எடை போடுகிறார் என்பதை இன்றே எழுதுங்கள். இன்றைய பேரேடு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. காலை விலை, எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று எல்லாம் அதில்தான். கைபேசி மாறினால் போயிற்று. மாதம் ஒருமுறை அந்த உரையாடலைக் கோப்பாக இறக்கி, ஆண்டும் மாதமும் பெயரிட்டு வையுங்கள்.

எழுதி முடிப்பது

தாத்தாவின் பிறப்பில் தொடங்காமல் ஒரு பருவத்தில் தொடங்குங்கள். நல்ல ஆதாரமுள்ள ஒரே பருவத்தை எடுத்து, முன்பணம் கொடுத்த நாளிலிருந்து கல்கத்தாப் பணம் வந்த நாள்வரை முழுமையாக எழுதுங்கள். அது கைகூடினால் மற்றவை அதைச் சுற்றி அமையும். உயிரோடு இருப்பவர்களின் கடன் தொகையை அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சிடாதீர்கள். பெயர் அகராதி கட்டாயம் வேண்டும், அதில் முதலாளி, கணக்குப்பிள்ளை, தரகர், குளியாளர், கொட்டகைப் பெண் எல்லாரும் ஒரே அகர வரிசையில் வரட்டும். முதலில் கணினியிலிருந்து சில பிரதிகள் மட்டும் எடுத்து, பேசிய எல்லா வீட்டுக்கும் கொடுத்து, பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய்த் திரும்ப வாங்கி, அவர்கள் அடித்துத் திருத்தியதைச் சேர்த்த பிறகு அச்சகத்துக்கு அனுப்பினால் போதும்.